ஜன்னல் இல்லாத வீட்டில் 520 நாட்கள்!

"டாக்டர், என் பையன் செவ்வாய் கிரகத்துக்குப் போறேங்கிறான். நீங்கதான் அவனுக்குப் புத்தி சொல்லணும்!"

2024 மார்ச் மாதத்தில் ஒரு மாலை நேரம். மருந்து வாங்க வந்த அந்த அம்மா, நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக இப்படிச் சொல்ல, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செவ்வாய்க்கு இதுவரை எந்த மனிதரும் போனதில்லையே!

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. மகன் அமெரிக்காவில், டெக்சாஸில் என்ஜினீயர். வயது 34. கிரீன் கார்டு வாங்கியாகிவிட்டது. கல்யாணம்தான் இன்னும் ஆகவில்லை. அங்கே ஹூஸ்டன் நகரில் நாசா விண்வெளி மையத்துக்குள் செவ்வாய் கிரக வீடு மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியிருக்கத் தொண்டர்கள் தேவை என்று அறிவிப்பு வந்திருக்கிறது. பையன் மனுப் போடப் போகிறானாம்.

"பூமியிலேயே கொட்டகை மாதிரி ஒண்ணைக் கட்டி, இதுதான் செவ்வாய்னு சொல்லி உள்ளே வெச்சுப் பூட்டிடுவாங்களாம் டாக்டர். நினைச்சா போன்ல பேச முடியாதாம். உடம்பு என்னத்துக்கு ஆகும்? புத்தி பேதலிச்சுடாதா?"

நியாயமான கேள்வி. உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படிக் கிளம்பினால் நீங்களும் இதைத்தானே கேட்பீர்கள்? அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். விண்வெளிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் நிறையவே இருக்கிறது!

எதற்காக இந்தப் பூட்டு?

இன்றைய ராக்கெட்டில் செவ்வாய்க்குப் போக மட்டும் ஆறிலிருந்து ஒன்பது மாதம் பிடிக்கும். போய் இறங்கி, பூமி சரியான இடத்துக்கு வரும்வரை காத்திருந்து, திரும்பி வர மொத்தம் இரண்டரை, மூன்று வருடம். ராக்கெட்டைச் சோதித்துப் பார்க்கலாம். உள்ளே உட்காரப்போகிற மனிதனை எப்படிச் சோதிப்பது? பாதி வழியில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டாலோ, இருவருக்குள் பேச்சுவார்த்தை நின்றாலோ இறங்கி வீட்டுக்கு வர முடியாது. அதனால்தான் முதலில் தரையிலேயே ஒத்திகை பார்க்கிறார்கள்.

இந்த ஒத்திகைகளில் மிக நீண்டது, ரஷ்யாவின் தலைநகர் மாஸ்கோவில் நடந்த 'மார்ஸ்-500'. முதலில் 2007-ல் 14 நாள், பிறகு 2009-ல் 105 நாள் என்று முன்னோட்டம் பார்த்தார்கள். 2010 ஜூன் 3-ம் தேதி ஆறு ஆண்கள் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. மறுபடி திறந்தது 2011 நவம்பர் 4-ம் தேதி. மொத்தம் 520 நாட்கள்!

உள்ளே போனவர்களில் ரஷ்யர்கள் மூன்று பேர். பிரான்சிலிருந்து ஒருவர், சீனாவிலிருந்து ஒருவர், இத்தாலி-கொலம்பியா வழியில் வந்த ஒருவர். அவர்களில் சுக்ரோப் கமலோவ் என்ற டாக்டரும் உண்டு. குழுவின் தலைவர் அலெக்ஸி சித்தெவ், கல்யாணமான சில வாரங்களிலேயே புது மனைவியிடம் விடைபெற்று உள்ளே போனவர்!

உருளை உருளையான அறைகள். சுவரெல்லாம் மரப்பலகை. ஆளுக்குச் சுமார் 3 சதுர மீட்டரில் ஒரு படுக்கையறை. நம் ஊர்க் கணக்கில் 32 சதுர அடி. ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. வெளியிலிருந்து வரும் தகவல்கூட, செவ்வாய் தூரத்துக்குத் தகுந்தாற்போல் வேண்டுமென்றே தாமதமாகத்தான் வரும். 2011 பிப்ரவரியில், அதே கட்டடத்தில் மணல் பரப்பிய ஒரு கூடத்தில் விண்வெளி உடை போட்டுக்கொண்டு நடந்து, 'செவ்வாயில் இறங்கினார்கள்'. மற்றபடி 17 மாதம் அவர்கள் மேல் சூரிய வெளிச்சம் படவில்லை.

முதலில் கெட்டது தூக்கம்!

சாப்பாடு இருந்தது. உடற்பயிற்சிக் கருவிகள் இருந்தன. கூடவே வைத்தியரும் இருந்தார். அப்புறம் என்ன கெட்டது என்கிறீர்களா?

ஆறு பேரின் கையிலும் கடிகாரம் போல ஒரு கருவி கட்டியிருந்தது. எப்போது அசைகிறார்கள், எப்போது தூங்குகிறார்கள், எவ்வளவு வெளிச்சம் படுகிறது என்று அது ஓயாமல் குறித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கணக்கு 2013-ல் வெளிவந்தது. நாளாக ஆக அவர்களுடைய நடமாட்டம் குறைந்துகொண்டே போயிருக்கிறது. படுக்கையில் கிடக்கிற நேரம் கூடியிருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் இருக்கிற நேரமும் குறைந்திருக்கிறது. யாரும் அவர்களைப் படுத்துக்கொள் என்று சொல்லவில்லை. தானாகவே சோர்ந்து சுருண்டிருக்கிறார்கள்.

ஒருவருடைய உடம்புக் கடிகாரம் 24 மணி நேரத்தை விட்டு 25 மணி நேரத்துக்குப் போய்விட்டது! ஒரு மணி நேரம்தானே என்று நினைக்காதீர்கள். தினம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் 12 நாளில் பகல் இரவாகி, இரவு பகலாகிவிடும். மற்ற ஐந்து பேரும் விழித்து வேலை பார்க்கும்போது இவர் குறட்டை விடுவார். அவர்கள் தூங்கும்போது இவர் தனியாக உலாத்துவார். இன்னொருவருக்குப் படுத்தால் தூக்கமே பிடிக்கவில்லை. மாதக்கணக்கில் அரைத் தூக்கம். பகலெல்லாம் அசதி, கவனப் பரீட்சையில் அடிக்கடி தவறு.

இவர்கள் யார் யார் என்று ஆராய்ச்சியாளர்கள் பெயரை வெளியிடவில்லை. அதுதான் மருத்துவ தர்மம்.

சண்டை? அதுவும் உண்டு. 2014-ல் வந்த அறிக்கை சுவாரஸ்யமானது. ஆறு பேரும் சொன்ன மனத்தாங்கல்களில் 85 சதவிகிதம் இரண்டே பேரிடமிருந்து வந்தவை. அந்த இரண்டு பேர் யார்? மன அழுத்தமும் உடல் களைப்பும் அதிகமாக இருந்தவர்கள். தூக்கம் பிடிக்காத அந்த மனிதர் அவர்களில் ஒருவர்! கோபக்காரர் என்று நாம் முத்திரை குத்துகிற பலர், உண்மையில் தூக்கம் கெட்டவர்கள்.

இன்னொன்று. ஒருவருக்கொருவர் மோதிக்கொண்டதைவிட, வெளியே இருந்த கட்டுப்பாட்டு அறைக்காரர்களோடு மோதியது ஐந்து மடங்கு அதிகம்! வீட்டுக்குள் இருப்பவரைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது? எனவே கோபமெல்லாம் தூரத்தில் இருப்பவர் மேல் பாய்கிறது. மகன் மேல் உள்ள வருத்தத்தை போனில் மருமகள் மேல் காட்டுகிற மாமியார்கள் இதைப் படித்தால் சிரித்துக்கொள்வார்கள்.

ஆறில் இரண்டு பேர் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல், போனது போலவே வெளியே வந்தார்கள். ஆகவே, எல்லோருக்கும் புத்தி பேதலிக்கும் என்பது சரியில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதும் சரியில்லை.

உப்பு சொன்ன ரகசியம்

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தபோது நீர்க்குறி, நெய்க்குறி என்று பாடம் உண்டு. நோயாளியின் காலைச் சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது, அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பாம்பாக நெளிகிறதா, மோதிரமாகச் சுற்றுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்ப்பது. அதனால் மாஸ்கோ சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர்கள் சிறுநீரை ஒரு துளி வீணாக்காமல் தினமும் சேகரித்ததுதான்!

105 நாள் சோதனையிலும் 520 நாள் சோதனையிலும் இருந்த தொண்டர்களில் 10 பேரிடம் உப்பு ஆராய்ச்சி நடந்தது. மற்ற சத்துக்களையெல்லாம் ஒரே அளவாக வைத்துக்கொண்டு, உப்பை மட்டும் மாற்றினார்கள். பல வாரங்கள் தினம் 12 கிராம், அடுத்து 9 கிராம், பிறகு 6 கிராம். வெளியே இருக்கிற மனிதரிடம் இதைச் செய்ய முடியுமா? பக்கத்து வீட்டு முறுக்கு கணக்கைக் கெடுத்துவிடும்!

உப்பு குறைந்தபோது ரத்த அழுத்தமும் இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது 2017-ல் வெளியானது. உப்பு தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். ஆனால் வாரக்கணக்கில் உப்பு அதிகம் சாப்பிட்டவர்கள், நாளடைவில் தண்ணீரைக் குறைவாகவே குடித்தார்கள்! உடம்பு தன் தண்ணீரை வெளியே விடாமல் தானே சேமித்துக்கொண்டது. அந்தச் சேமிப்பு வேலைக்குச் சக்தி செலவாகிறது. அதனால் அவர்களுக்குப் பசி கூடியது. கொடுத்த சாப்பாடு போதவில்லை என்று புகார் சொன்னார்கள்.

அப்பளம், வடகம், ஊறுகாய் என்று சாப்பிட்டுவிட்டு, "எனக்குத் தாகமே எடுக்கிறதில்லை, உப்பு ஒண்ணும் அதிகமில்லை" என்பவர்களுக்கு இது எச்சரிக்கை. தாகத்தை வைத்து உப்பை அளக்க முடியாது.

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. பசி, நீர்வேட்கை, நித்திரை மூன்றும் அதில் அடக்கம். அதற்காக, செவ்வாய் ஆராய்ச்சியைச் சித்தர்கள் அன்றே செய்துவிட்டார்கள் என்று நான் மார்தட்டப் போவதில்லை. அவர்கள் கவனித்துச் சொன்ன மூன்று விஷயங்களையே இவர்கள் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். அளந்து பார்த்ததால்தான் உப்பு விஷயத்தில் நம் பழைய நம்பிக்கை ஒன்று திருந்தியிருக்கிறது. வைத்தியன் இதற்குச் சந்தோஷப்பட வேண்டும்.

ஹூஸ்டன் வீடு எப்படி?

இப்போது அந்தப் பையன் மனுப் போட்ட இடத்துக்கு வருவோம். 'சேப்பியா' என்று பெயர். 1,700 சதுர அடியில், இயந்திரம் அடுக்கடுக்காக வார்த்துக் கட்டிய வீடு. வெளியே 1,200 சதுர அடியில் சிவப்பு மணல் கொட்டிய 'செவ்வாய்த் தரை'. இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களுமாக நான்கு பேர் கொண்ட முதல் குழு, 2023 ஜூன் 25 முதல் 2024 ஜூலை 6 வரை 378 நாள் உள்ளே இருந்தது. காய்கறிகூடப் பயிர் செய்தார்கள். செய்தி ஒரு வழி போய்ச்சேர 22 நிமிடம் வரை ஆகும். "சாப்பிட்டியாப்பா?" என்று அம்மா கேட்டால், "சாப்பிட்டேம்மா" என்ற பதில் வர முக்கால் மணி நேரம்!

30 முதல் 55 வயதுக்குள், புகை பிடிக்காத, ஆரோக்கியமான, அமெரிக்கக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு உள்ளவர்தான் மனுப் போடலாம். படிப்பு, அனுபவத் தகுதியும் வேண்டும். உடம்பு, மனம் இரண்டையும் துருவித் துருவிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நம் நாட்டிலும் இஸ்ரோ 2024 நவம்பரில் லடாக்கின் லே பகுதியில் இதுபோன்ற முதல் ஒத்திகையைத் தொடங்கியது.

"எலும்பெல்லாம் கரைஞ்சுடும்னு டி.வி.யில சொன்னாங்களே டாக்டர்?" என்றார் அந்த அம்மா. எலும்பு தேய்வது நிஜமான விண்வெளியில். எடையில்லாமல் மிதப்பதால், உடம்பைத் தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவிகிதம் வரை அடர்த்தி குறையும். ஹூஸ்டன் வீட்டில் புவியீர்ப்பு நம் வீட்டில் இருப்பதுதான்.

எலும்பு ஆராய்ச்சிக்கென்று தனியாகத் தொண்டர்கள் உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகரில் 2019-ல் நடந்தது போல, தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டிலில் 60 நாள் படுத்தே கிடப்பார்கள். சாப்பாடு, குளியல், மற்றது எல்லாம் படுத்தபடியே! அதைக் கேட்டதும் அம்மாவுக்கு மகன் தேர்ந்தெடுத்தது எவ்வளவோ தேவலை என்று தோன்றிவிட்டது.

ஆபத்தே இல்லையா?

மறைக்க மாட்டேன். மாஸ்கோவில் அதே ஆராய்ச்சி நிலையத்தில் 1999-2000-ல் நடந்த வேறொரு சோதனையில் இரண்டு ஆண்கள் ரத்தம் வரும்படி அடித்துக்கொண்டார்கள். குழுத் தலைவர் தன்னிடம் அத்துமீறினார் என்று கனடாவிலிருந்து வந்திருந்த பெண் ஆராய்ச்சியாளர் புகார் செய்தார். மனம் வெறுத்துப்போன ஜப்பானியத் தொண்டர் பாதியிலேயே வெளியேறினார். 2018 பிப்ரவரியில் ஹவாய்த் தீவின் மௌன லோவா எரிமலைச் சரிவில் நடந்த ஒத்திகையில் ஒருவருக்கு மின்சாரம் தாக்கியது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலே நாளில் சோதனை நின்றது.

கவனியுங்கள். ஆபத்து வந்ததும் கதவு திறந்தது. மனிதரை வைத்துச் செய்யும் எந்த ஆராய்ச்சியிலும், தொண்டர் விரும்பினால் எந்த நிமிடமும் விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. உலக மருத்துவச் சங்கம் 1964-ல் வெளியிட்ட ஹெல்சிங்கி பிரகடனத்தின் அடிப்படையே இதுதான். பூட்டு என்று பெயரே தவிர, சாவி தொண்டரின் கையில் இருக்கிறது.

ஆகவே, பையனைத் தடுக்க வேண்டாம் என்றேன். மூன்று விஷயங்களை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன். ஒன்று, குடும்பத்தில் அவசரம் என்றால் தகவல் எப்படி வரும்? அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு, இப்போதே அவனுக்குத் தூக்கம் ஒழுங்காக இருக்கிறதா? இல்லையென்றால் போகக் கூடாது. மூன்று, எதற்காகப் போகிறான்? வேலையில் ஆசைப்பட்டுப் போனால் போகட்டும். இங்கே உள்ள பிரச்னையிலிருந்து தப்பிக்கப் போனால், அந்தப் பிரச்னையும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தேன்

பேச்செல்லாம் முடிந்து பிரஷர் பார்த்தேன். 160-க்கு 100! மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாராம். "ராத்திரி எத்தனை மணிக்கும்மா படுக்கறீங்க?" என்று கேட்டேன்.

அவர் கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. அபார்ட்மென்ட்டில் தனி வாசம். மகன் அவனுடைய மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவான். நமக்கு அப்போது இரவு பதினொன்று. பேசி முடித்தால் தூக்கம் கலைந்துவிடும். டி.வி. பார்ப்பார். படுக்க இரண்டு மணி. எழுந்திருக்க ஒன்பது. வெயில் அடிக்கிறது என்று ஜன்னல் திரையை இழுத்து விட்டுவிடுவார். கடைச் சாமான் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. ஒருத்திக்காக என்ன சமைப்பது என்று தயிர் சாதம், ஊறுகாய், அப்பளம்.

நான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னேன்: "அம்மா, உங்க பையன் ஒரு வருஷம்தான் போகணும்னு நினைக்கிறான். நீங்க மூணு வருஷமா அந்த வீட்டுக்குள்ளேதான் இருக்கீங்க!"

அவர் கண் கலங்கிவிட்டது. மாஸ்கோவில் ஆறு பேரிடம் கருவி கட்டிக் கண்டுபிடித்ததெல்லாம் இந்த அம்மாவிடம் இருந்தது. வெயில் இல்லை, நடமாட்டம் இல்லை, தூக்கத்துக்கு நேரம் இல்லை, உப்புக்கு அளவு இல்லை. அவர்களையாவது வெளியே இருந்து நூறு பேர் கவனித்தார்கள். இவரைக் கவனிக்க ஆளில்லை. உங்கள் வீட்டிலோ, எதிர் வீட்டிலோ இப்படி ஒருவர் இருக்கலாம். பாருங்களேன்!

அவருக்கு நான் சொன்னவை உங்களுக்கும் உதவும்:

எத்தனை மணிக்குத் தூங்கினாலும், எழுந்திருக்கும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். எழுந்ததும் அரை மணி நேரம் காலை வெளிச்சத்தில் நில்லுங்கள், நடங்கள். உடம்புக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அந்த வெளிச்சம்தான். பகலில் நீண்ட தூக்கம் வேண்டாம்.

ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயில், அப்பளத்தில் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். "நான் இந்துப்புதான் டாக்டர் போடறேன்" என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், இந்துப்பும் உப்புதான். அளவு மாறாது. குழம்பில் புளி, சீரகம், மிளகு, கறிவேப்பிலை தூக்கலாக இருந்தால் நாக்கு உப்பைத் தேடாது.

பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கஷாயம் குடிக்கிறேன் என்று அதைக் கைவிட்டு வந்தவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

தனியாக இருக்கும் பெரியவர்களை எந்த நேரத்தில் போனில் கூப்பிடுவது என்பதும் ஒரு மருந்துதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஓய்வு கிடைக்கிற நேரத்தைப் பார்க்காமல், அவர்கள் விழித்திருக்க வேண்டிய நேரத்தைப் பாருங்கள்.

அந்தப் பையன் மனுப் போட்டான். கிடைக்கவில்லை. இரண்டாவது குழுவுக்கு வேறு நால்வர் தேர்வாகி, 2025 அக்டோபர் 19-ல் உள்ளே போனார்கள். ஆனால் ஒன்று நடந்தது. நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு, அவன் கூப்பிடும் நேரத்தை மாற்றிக்கொண்டான். அங்கே இரவு ஒன்பது, இங்கே காலை ஏழரை. அதற்குள் அம்மா நடந்துவிட்டு வந்து காபியோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உத்தரவு!

மாத்திரையும் இந்தப் பழக்கமுமாகச் சேர்ந்து, நாலு மாதத்தில் பிரஷர் 136-க்கு 86-ல் வந்து நின்றது. சமீபத்தில் வந்தபோது சொன்னார்:

"அடுத்த தடவை ஆள் எடுத்தா மறுபடியும் மனுப் போடுவானாம் டாக்டர். போடட்டும். நான் இங்கே எனக்குன்னு ஒரு பொழுதை வெச்சுக்கக் கத்துக்கிட்டேன்."